வினாடிக்கு மூன்று குலுக்கல்: சோதனை விமானி எரிக் பிரவுன்

எரிக் பிரவுனை அவருடைய கடற்படைத் தோழர்கள் 'விங்கிள்' என்றுதான் கூப்பிட்டார்கள். விங்கிள் என்பது கரையோரப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் சின்னஞ்சிறு கடல் நத்தை. நம் ஊர்ச் சந்தையில் 'சிப்புட்' என்று விற்கிறார்களே, அதற்கு உறவு. பிரவுனின் உயரம் ஏறக்குறைய 170 செண்டிமீட்டர். பிரிட்டிஷ் விமானிகளுக்கு நடுவில் நின்றால் அவர் சின்ன ஆள்தான். அந்தச் சின்ன உடல் ஒருநாள் அவருடைய உயிரைக் காப்பாற்றியது என்று அவரே நம்பினார். அது எப்படி என்பதற்கு இயற்பியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. அதற்குப் போகுமுன் மனிதரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

2016 பிப்ரவரி 21ஆம் நாள், 97ஆவது வயதில் பிரவுன் காலமானார். தம் வாழ்நாளில் அவர் ஓட்டிய விமான வகைகள் 487. ஒரே விமானத்தின் வெவ்வேறு மாதிரிகளைத் தனித்தனியே எண்ணாமல் வந்த கணக்கு இது. ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பல மாதிரிகளை ஓட்டியிருந்தாலும் பட்டியலில் அது ஒன்றுதான். விமானந்தாங்கிக் கப்பல்களில் மட்டும் 2,407 முறை இறங்கியிருக்கிறார். இரண்டுமே உலகச் சாதனைகள். ஆனால் மாணவர்களே, இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் பிரவுனைத் தெரிந்துகொண்டதாக ஆகாது.

சோதனை விமானி என்றாலே துணிச்சலான சாகசக்காரர் என்று திரைப்படங்கள் நம்மை நம்பவைத்துவிட்டன. உண்மையில் அவருடைய வேலை, பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் வேலைதான். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பிரவுன் ஒரே உயரத்தில், ஒரே எடையுடன், வேகத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுவார். ஒவ்வொரு படியிலும் விமானம் என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்வார். வேறுபாடு ஒன்றுதான்: உங்கள் சோதனைக் குழாய் உடைந்தால் வேறு குழாய் வாங்கலாம்.

இந்தக் கணக்குப் பார்க்கும் குணம் போர்முனையிலேயே அவரிடம் இருந்தது. 1941இல் 'ஆடாசிட்டி' என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலில் அவர் பணியாற்றினார். எதிரியின் நான்கு எஞ்சின் காண்டோர் விமானத்தைச் சுற்றிலும் துப்பாக்கிகள் இருந்தன. அந்தத் துப்பாக்கிகள் எந்தக் கோணம்வரை திரும்பும் என்று ஆராய்ந்து, நேர் எதிரே வருபவரைச் சுடுவதுதான் அவற்றுக்கு மிகக் கடினம் என்று கண்டார். நேருக்கு நேர் பாய்ந்து இரண்டு காண்டோர்களை வீழ்த்தினார். அந்த ஆண்டு டிசம்பரில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஆடாசிட்டியை மூழ்கடித்தது. குளிர்கடலில் தத்தளித்து உயிர் தப்பியவர்களில் பிரவுனும் ஒருவர். பிறகு, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிறுவனத்தில் சோதனை விமானி ஆனார். 1944 முதல் 1949 வரை அங்கே காற்றியக்கவியல் சோதனைப் பிரிவுக்குத் தலைவர் அவரே.

காற்று கல்லாகும்போது

ஒலியின் வேகம் எவ்வளவு என்று கேட்டால் 'வினாடிக்கு 340 மீட்டர்' என்று சொல்லிவிடுவோம். அது காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதை மறந்துவிடுகிறோம். தோராயமான விதி இது: 331உடன், செல்சியஸ் வெப்பநிலையை 0.6ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 30 பாகை வெயிலில் பள்ளித் திடலில் நின்றால் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் ஓடும். 9,000 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கீழே 44 பாகை. அங்கே ஒலிவேகம் சுமார் 304 மீட்டர், அதாவது மணிக்கு 1,095 கிலோமீட்டர். விமானத்தின் வேகத்தை அந்த இடத்து ஒலிவேகத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் மாக் எண்.

விமானம் முன்னே போகும்போது காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் பற்றிய 'செய்தி' அழுத்த அலையாக, ஒலியின் வேகத்தில் முன்னால் ஓடுகிறது. காற்றும் விலகி வழிவிடுகிறது. விமானம் ஒலிவேகத்தை நெருங்க நெருங்க, அந்தச் செய்திக்கு முந்திக்கொள்ள நேரம் போதாது. அதோடு, இறக்கையின் வளைந்த மேற்பரப்பில் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுகிறது. ஆகவே விமானம் மாக் 0.7இல் போகும்போதே, இறக்கையின் மேல் ஓரிடத்தில் காற்று மாக் 1ஐத் தொட்டுவிடலாம். அங்கே அதிர்ச்சி அலை பிறக்கிறது. அதற்குப் பின்னால் காற்றோட்டம் கலைகிறது, ஏற்றுவிசையின் மையம் பின்னே நகர்கிறது, விமானத்தின் மூக்கு கீழே சாய்கிறது. விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தால் அது காங்கிரீட்டில் பதித்ததுபோல் அசையாது.

1944இன் தொடக்கத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் போன போர் விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்தபோது இப்படிச் சிக்கிக்கொண்டன. சில திரும்பவேயில்லை. அமெரிக்கத் தளபதி டூலிட்டில் ஃபார்ன்பரோவிடம் உதவி கேட்டார். பிரவுனும் அவருடைய குழுவினரும் மூன்று அமெரிக்க விமானங்களை உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் பாய்ச்சிப் பார்த்தார்கள். விமானி சண்டை போடும் அளவுக்குக் கட்டுப்பாடு எந்த மாக் எண்வரை இருக்கிறது என்பதுதான் கேள்வி. லைட்னிங் விமானத்துக்கு 0.68. தண்டர்போல்டுக்கு 0.71. எதிரியான ஜெர்மானியப் போர் விமானங்களுக்கோ 0.75. மஸ்டாங்குக்கு மட்டும் 0.78.

மேலே சொன்ன 1,095ஆல் இவற்றைப் பெருக்கிப் பாருங்கள். லைட்னிங் மணிக்கு சுமார் 745 கிலோமீட்டரில் திணறும்போது ஜெர்மானிய விமானி 820 வரை நிதானமாகப் போகலாம். அவன் மூக்கைக் கீழே சாய்த்து ஓடினால் துரத்த முடியாது. மஸ்டாங்கின் எல்லை 854. இரண்டாம் தசம இடத்தில் இருக்கும் மூன்று என்ற இலக்கத்துக்கு அவ்வளவு மதிப்பு. (மஸ்டாங் முதன்மைக் காவல் விமானமானதற்கு அதன் நீண்ட பறப்புத் தொலைவும் பெரிய காரணம். ஒரே ஓர் எண் போரை முடிவு செய்ததாக யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.)

பாய்ச்சலில் சிக்கியவர் எப்படித் தப்பினார் என்று கேட்கிறீர்களா? கீழே வர வரக் காற்று வெப்பமாகிறது, ஒலிவேகம் கூடுகிறது. விமானம் அதே வேகத்தில் போனாலும் மாக் எண் குறைகிறது. காற்றும் அடர்த்தியாகி இழுவிசை கூடுகிறது. ஆக, பொறுமையாக இருந்தால் தாழ்ந்த உயரத்தில் கட்டுப்பாடு தானாகத் திரும்பலாம். தரை எதிரே விரைந்து வரும்போது பொறுமையாக இருப்பது எப்படி என்பதை இயற்பியல் சொல்லித் தராது.

கப்பலில் இறங்கிய முதல் ஜெட்

1945 டிசம்பர் 3ஆம் நாள் பிரவுன் சீ வாம்பயர் ஜெட் விமானத்தை 'ஓஷன்' என்ற கப்பலின் தளத்தில் இறக்கினார். விமானந்தாங்கிக் கப்பலில் ஜெட் விமானம் இறங்கித் திரும்பவும் பறந்து எழுந்தது அதுவே முதல் முறை. கடல் அன்று அமைதியாக இல்லை; தளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இதில் என்ன சிரமம்? விசிறி விமானத்தில் விமானி விசையைக் கூட்டினால், விசிறி உடனே இறக்கையின் மேல் காற்றை அடித்து ஏற்றுவிசையைக் கூட்டும். அன்றைய ஜெட் எஞ்சின் அப்படியல்ல. அதன் கனமான சுழலி வேகம் பிடிக்கச் சில வினாடிகள் ஆகும். தளத்துக்குக் கிட்டே வந்த பிறகு 'கொஞ்சம் தாழ்ந்துவிட்டோமே' என்று உணர்ந்து விசையைக் கூட்டினால் பயனில்லை. சில வினாடிகளுக்கு முன்பே அதை உணர்ந்திருக்க வேண்டும். ஆகவே பிரவுன் தேவைக்குச் சற்று அதிகமாகவே எஞ்சினைச் சுழலவிட்டு நிதானமாக வந்து இறங்கினார். நல்லதும் உண்டு: முன்னால் நீண்ட எஞ்சினும் விசிறியும் இல்லாததால் தளம் தெளிவாகத் தெரிந்தது.

கப்பல் ஏன் எப்போதும் காற்றை எதிர்த்து ஓடிக்கொண்டே விமானத்தை ஏற்கிறது? இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. விமானத்தின் பொருண்மை 4,000 கிலோகிராம். அது வானில் நிற்கத் தேவையான வேகம் 95 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கப்பல் 15 நாட் வேகத்தில் 25 நாட் எதிர்காற்றுக்குள் ஓடினால், தளத்தில் நிற்பவருக்கு விமானம் 55 நாட்டில்தான் வருகிறது. அதாவது வினாடிக்கு 28.3 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 16 லட்சம் ஜூல். காற்றும் இல்லை, கப்பலும் நிற்கிறது என்றால் 48 லட்சம் ஜூல். வேகம் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குத்தான் குறைந்தது. ஆற்றலோ மூன்றில் ஒன்றாகிவிட்டது. வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது. விமானத்தின் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து 50 மீட்டரில் நிறுத்த வேண்டுமானால் கம்பி எவ்வளவு விசை தாங்க வேண்டும் என்று இரண்டு நிலைக்கும் நீங்களே கண்டுபிடியுங்கள்.

சக்கரமே இல்லாமல் இறங்கினால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது. சக்கரமும் அதன் தாங்கிகளும் இல்லாவிட்டால் விமானத்தின் எடை குறையும். 1947 டிசம்பரில் ஃபார்ன்பரோவில் காற்றடைத்த ரப்பர்த் தளம் போட்டு, சக்கரத்தை உள்ளிழுத்த வாம்பயரை வயிற்றால் இறக்கினார் பிரவுன். முதல் முயற்சியில் விமானம் நொறுங்கியது, அவருக்குக் காயமில்லை. பிறகு திருத்தம் செய்து, 1948இல் 'வாரியர்' கப்பலிலும் வெற்றிகரமாக இறங்கினார். திட்டம் கைவிடப்பட்டது. இறங்கிய விமானத்தைப் பாரந்தூக்கி வைத்துத் தூக்காமல் நகர்த்தவே முடியாதே! இறங்குவதற்கு மட்டும் விடை கண்டுபிடித்துவிட்டு, இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதை மறந்த பொறியியல்.

ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்தவர் என்பதால் பிரவுன் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். அங்கே பெல்சன் வதைமுகாமின் பொறுப்பாளர்களை விசாரிக்க மொழிபெயர்ப்பாளராக இருந்தார். எதிரியின் விமானங்களையும் ஓட்டிப் பார்த்தார். அவற்றில் கோமெட் என்ற ராக்கெட் விமானமும் ஒன்று. ஹைட்ரஜன் பெராக்சைடையும் மெத்தனாலும் ஹைட்ரசீனும் கலந்த திரவத்தையும் சேர்த்து எரித்துப் பறக்கும் அது, பல ஜெர்மானிய விமானிகளையே கொன்றிருந்தது. 1945 ஜூன் 10ஆம் நாள் அதையும் ராக்கெட் விசையுடன் ஓட்டினார்.

வாலில்லாத விமானம்

இப்போது அந்தக் கழுத்து விஷயத்துக்கு வருவோம்.

1946 செப்டம்பர் 27ஆம் நாள், ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்ற சோதனை விமானி தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தின் மேலே டி.ஹெச். 108 என்ற ஜெட் விமானத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தார். உலக வேகச் சாதனைக்கான ஒத்திகை. அந்த விமானத்தைக் கட்டியது அவருடைய தந்தையின் நிறுவனம். விமானம் நடுவானில் சிதறியது. உடல் கிடைத்தபோது கழுத்து முறிந்திருந்தது. விமானம் உடைந்ததால் கழுத்து முறிந்ததா, அல்லது கழுத்து அதற்கு முன்பே முறிந்ததா?

1949இல் அதே வகை விமானத்தில், ஏறக்குறைய அதே நிலைமையில் பறந்து பார்த்தார் பிரவுன். உயரம் 4,000 அடி, வேகம் மாக் 0.88. அதுவரை வழுக்கிக்கொண்டு போன விமானம், சட்டென்று மூக்கை மேலும் கீழுமாக வெறிபிடித்ததுபோல் ஆட்டத் தொடங்கியது. அவருடைய தாடை நெஞ்சில் மோதியது, தலை பின்னால் எறியப்பட்டது, மறுபடி மோதியது. பார்வை மங்கியது.

ஏன் அப்படி ஆடியது? டி.ஹெச். 108இல் கிடைவால் இல்லை. சாதாரண விமானத்தின் வால் நீண்ட உடலின் கோடியில் இருக்கிறது. மூக்கு மேலே போனால் வால் கீழே இறங்கிக் காற்றில் மோதும்; காற்று அதைத் தடுக்கும். ஆட்டம் விரைவில் அடங்கும். இதற்குத் தணிப்பு என்று பெயர். வீட்டில் சோதிக்கலாம். அடிக்கோலின் ஒரு முனையை ஆணியில் தொங்கவிட்டு ஆட்டுங்கள். பிறகு கீழ்முனையில், அசையும் திசையைப் பார்த்தாற்போல் அகலமான அட்டை ஒன்றை ஒட்டி ஆட்டுங்கள். எது முதலில் நிற்கிறது என்று எண்ணுங்கள். அட்டைதான் வால். டி.ஹெச். 108இல் அந்த அட்டை இல்லை. அதோடு அதிர்ச்சி அலைகள் வேறு இறக்கையின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தன.

கணக்குக்காக, ஆட்டம் வினாடிக்கு மூன்று முறை என்றும் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கு என்றும் வைத்துக்கொள்வோம். எளிய சீரிசை இயக்கத்தின் சூத்திரத்தில் போட்டால், விமானி மேலும் கீழும் நகரும் தூரம் நடுநிலையிலிருந்து எட்டு செண்டிமீட்டர் அளவுதான் வருகிறது! உள்ளங்கை அகலம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விமானம் லேசாக நடுங்குவதாகத்தான் தெரியும். உள்ளே, தலைக்கவசத்தோடு ஆறு கிலோ இருக்கும் தலை, பதினெட்டு கிலோ எடைபோல் மேலே ஒருமுறை கீழே ஒருமுறை கழுத்தை இழுக்கிறது. டி ஹாவிலண்ட் உயரமானவர். அவருடைய தலை விமானக் கூரைக்கு அருகில் இருந்தது. பிரவுனின் தலைக்கு மேலே இடமிருந்தது. தாம் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது பிரவுனின் முடிவு.

உயரம் மட்டும் காப்பாற்றவில்லை. இப்படி ஓர் ஆட்டம் வந்தால் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம், தண்டைப் பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளி ஆட்டத்தை நிறுத்துவது. அங்கேதான் ஆபத்து. ஒரு நண்பர் அடிக்கோலைக் கீழே விட, நீங்கள் விரலால் பிடித்துப் பாருங்கள். 20 செண்டிமீட்டர் விழுந்த பிறகு பிடித்தால் உங்கள் மறுவினை நேரம் 0.2 வினாடி. பலருக்கும் அவ்வளவு ஆகும். வினாடிக்கு மூன்று முறை ஆடும் விமானத்தில் மூக்கு மேலிருந்து கீழே வர ஆகும் நேரமோ 0.17 வினாடி. 'மேலே போகிறது, கீழே தள்ளு' என்று மூளை சொல்லிக் கை அசையும்போது மூக்கு ஏற்கெனவே கீழே போய்க்கொண்டிருக்கும். தடுக்க நினைத்த கை, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடும் கையாக மாறிவிடும். ஆட்டம் கூடும், இறக்கை முறியும்.

பிரவுன் இதைத் தரையிலேயே யோசித்து வைத்திருந்தார். ஆட்டம் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து, மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். அடிபட்டு மயங்கும் நிலையிலும் கை அதையே செய்தது: தண்டையும் எஞ்சின் விசையையும் ஒருசேர, மிக மென்மையாகப் பின்னுக்கு இழுத்தார். ஆட்டத்தோடு மல்லுக்கு நிற்காமல், ஆட்டத்துக்குக் காரணமான வேகத்தைக் குறைத்தார். தொடங்கியது போலவே சட்டென்று எல்லாம் நின்றது. இறங்கி வந்து அறிக்கை எழுதினார். டி ஹாவிலண்டின் சாவுக்கு நம்பத்தகுந்த விளக்கம் கிடைத்தது.

டி.ஹெச். 108 மொத்தம் மூன்றுதான் கட்டப்பட்டது. மூன்றாவது விமானம் 1948 செப்டம்பரில் ஜான் டெரி என்ற விமானியுடன் பாய்ச்சலில் ஒலிவேகத்தையும் தாண்டியது. அதே விமானம் 1950 பிப்ரவரியிலும், மிச்சமிருந்த மற்றொன்று மே மாதத்திலும் விழுந்தன. இரண்டிலும் விமானிகள் இறந்தார்கள். அந்த வகையில் ஒன்றுகூட இன்று இல்லை. பிரவுன் 'ஓஷன்' கப்பலில் இறக்கிய சீ வாம்பயர் மட்டும் இங்கிலாந்தின் யோவில்டனில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில், சக்கரங்களோடு, நிற்கிறது.